எதிர்க் கடை ஏழுமலை

அந்தச் செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கடை இன்னும் திறக்கவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தால், ஏழுமலை அண்ணனின் மைத்துனர் சங்கர் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கையில் போன், போனில் ஒரு போட்டோ.

"யக்கா, மாமா பூட்டாரு. காலையில காபி கேட்டாராம். அக்கா எடுத்தாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி. போஸ்டர் போடணும்" என்றார்.

"உங்க கடையிலயே..." என்று வாயெடுத்தேன். அவர்கள் வைத்திருப்பதும் என்னைப் போலப் பத்திரிகை, போஸ்டர் அடிக்கிற டிடிபி கடைதானே. சங்கர் தலையை ஆட்டினார். "இல்லக்கா. நம்ம வீட்டு சமாச்சாரம் எதுவா இருந்தாலும் எதிர்க் கடையிலதான் அடிக்கணும்னு அக்கா சொல்லிச்சி. அது மாமா போட்ட ரூலாம்."

வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதை ஓட்டுவது விண்டோஸ் இல்லை, அவர் எனக்குப் போட்டுக் கொடுத்த லினக்ஸ். அதில் அவர் சேர்த்துக் கொடுத்த மென்பொருளில் அவர் படத்தையே திறந்தேன். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவரின் தோள் உள்ளே வந்திருந்தது, அதை வெட்டி எடுத்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது, முதலில் கை வேலை செய்தது. எங்கள் ஊர்ப் போஸ்டர்களில் இறந்தவரைச் சிங்கம், தங்கம், சிகரம் என்றெல்லாம் போடுவது வழக்கம். அவருக்கு அது ஆகாது. "சிங்கம்னு போட்டா அந்த மனுசனுக்கே அடையாளம் தெரியாது. பேரும் நேரமும் சரியா இருந்தா போதும், ஜனங்க வந்து சேருவாங்க" என்பார். அதனால் பெயர், படம், உடலை எடுக்கும் நேரம் மட்டும் போட்டேன். அச்சுக்கு அனுப்பும் முன் முதலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். ஏன் அப்படிப் பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆரணியில் கல்யாணம் செய்தவர்கள், கடை திறந்தவர்கள், பிள்ளைக்குக் காது குத்தியவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மீதிப் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். இருபுறமும் அரை அறை அளவுக் கடைகள், நடுவில் போளூர் பஸ் கிளப்பும் புழுதி. அவர் என்னை எதிர்க் கடை என்பார், நான் அவரை எதிர்க் கடை என்பேன். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பென்டிரைவ் இருக்கும். டீக்கடைக்காரர், கூரியர்க்காரர், போகிற வருகிற ஆட்டோ, எல்லாரையும் "ஜல்தி ஜல்தி" என்று விரட்டுவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அந்த அவசரம் எங்கே போகுமோ தெரியாது.

ஆரம்பத்தில் எங்களுக்குள் பேச்சே கிடையாது. அவர் 'கலர் பிரிண்ட்' என்று பலகை மாட்டினால் நான் அதைவிடப் பெரிய பலகை மாட்டுவேன். என் கடைக்கு வந்த பட்டுக்கடைக்காரர் அடுத்த மாதம் அவர் கடையில் உட்கார்ந்திருப்பார். நான் இங்கிருந்து முறைப்பேன், அவர் அங்கிருந்து திரும்பிக்கொள்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் மனைவி மாலதி மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரிப்பாள்.

பேச்சு வந்தது அவர் மகள் கவிதாவின் கல்யாணத்தில். மகள் கல்யாணப் பத்திரிகையை அவரே உட்கார்ந்து அடித்தார். பிள்ளையார், குத்துவிளக்கு, தாய்மாமன் பெயர், சித்தப்பா பெரியப்பா, இருப்பவர் மறைந்தவர் எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. வீட்டில் ஆளுக்கு ஒருமுறை படித்தார்கள். அச்சாகி வந்தது. முதல் பத்திரிகையைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு அடுத்ததைக் கண்ணமங்கலத்தில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொண்டுபோனார்கள். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தாராம். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாராம்: "எல்லாம் நல்லா கீது சம்பந்தி. பொண்ணு யாரக் கட்டிக்குதுன்னு போடலியே?"

மாப்பிள்ளையின் பெயரே இல்லை. அப்பா பெயர் இருக்கிறது, தாத்தா பெயர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, மாப்பிள்ளை மட்டும் காணோம். நிச்சயம் ஆன நாளிலிருந்து வீடு முழுக்க மாப்பிள்ளை பேச்சுதான். எல்லார் மனசிலும் அந்தப் பெயர் இருந்ததால் தாளில் இல்லாததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் முதல் தடவையாகத் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார். வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க அடிங்கமா. என் கண்ண நான் நம்ப மாட்டேன். நம்ம வீட்டு விஷயத்துல கண்ணு இருக்கறதப் படிக்காது, தெரிஞ்சதப் படிக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "முதல்ல மாப்பிள்ளை பேரச் சொல்லுங்க" என்றேன். அவரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அது எங்கள் தெருவின் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. அவர் ஏதாவது மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தால் நான் இங்கிருந்தே, "மாப்பிள்ளை பேரு போட்டீங்களாண்ணா?" என்று கத்துவேன். அந்த ரூலும் அன்று பிறந்ததுதான். அவர் வீட்டுப் பத்திரிகை என் கடையில், என் வீட்டுப் பத்திரிகை அவர் கடையில்.

சில வருடம் கழித்து என் கடைக்கே கண்டம் வந்தது. நல்ல முகூர்த்த மாதம். யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. போட்டால் பாதி வரை வரும், நின்றுவிடும். பார்க்க வந்த மெக்கானிக், "இது பழைய மெஷின் மேடம், புதுசு எதுவும் இதுல ஏறாது, வேற வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு வாங்குகிற நிலைமையில் நான் இல்லை. வீட்டுக்காரர் பட்டுக்கடையில் கணக்கு எழுதுவதில் வீடு ஓடியது, மகள் திவ்யாவின் படிப்பு இந்தக் கடையில்தான் ஓடியது. கடையை மூடிவிட்டு எங்காவது ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். வருகிறவர்களை என் வாயாலேயே எதிர்க் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் அவர் கையில் டீ கிளாஸோடு வந்தார். "இன்னாமா, என் கடைக்கு வர்ற ஜனமெல்லாம் உங்க ஜனமா கீது. ஒரே பேஜாரு. இன்னா ஆச்சி?"

சொன்னேன். உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் கீது. உள்ள இருக்கறதுதான் கெட்டுப் போச்சி. லினக்ஸ் போட்டுடலாம். இதுக்கு இது போதும்."

"எவ்ளோண்ணா ஆகும்?"

"ஃப்ரீ."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "சும்மா வர்றது நல்லா இருக்குமா?" என்றேன்.

"ஏரித் தண்ணியும் சும்மாதான் வருது. நெல்லு விளையலியா?" என்றார்.

எனக்கு இன்னொரு தடை இருந்தது. சுவரில் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அஷ்டமிண்ணா" என்றேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். புதுப் பாவு நூலை அஷ்டமியில் தறியில் ஏற்றாத ஊர் இது, என் பிழைப்பை மட்டும் எப்படி அன்று அழித்து எழுதுவது? அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு நவமி, அதுவும் ஆவாது. தசமி அன்னிக்குப் போட்டுக்கலாம். அதுவரைக்கும் இத சொருகி ஓட்டுங்க" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "மெஷின்ல கைய வெக்காமலே ஓடும். வாடகைக்கு வீடு பாக்கப் போறோம் இல்ல, அது மாதிரி. சுத்திப் பாருங்க, புடிச்சா குடி வாங்க."

திரை வந்தது. நன்றாக, பளிச்சென்று வந்தது. ஆனால் தமிழ் அடித்துப் பார்த்தால் விசைகள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவள். பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் எழுத்து எங்கே இருந்ததோ அங்கேதான் என் விரல் போகும். இடம் மாறினால் நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அதைச் சொன்னதும், "அட, அது கீதும்மா" என்று எங்கோ போய்த் தேடி, பழைய தட்டச்சு முறையை அப்போதைக்குச் சேர்த்துக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு என் பெயரை அடித்தேன். நிர்மலா என்றே வந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல், "டீ ஆறிடப் போவுது, குடிங்க" என்றேன்.

மறுநாள் நவமி. போளூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் சாயங்காலம் பத்திரிகை மாதிரி பார்க்க வருவதாக இருந்தது. பல வருடமாக என்னிடமே அடிக்கும் குடும்பம். காலையிலிருந்து உட்கார்ந்து அடித்து, அழகாக வரிசைப்படுத்தி, சேமித்தும் வைத்தேன். மதியம் கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு தடவை கீச்சென்றுவிட்டு அதுவும் போனது. கரண்ட் வந்தபின் மறுபடி போட்டுப் பார்த்தால் திரை துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பத்திரிகையும் இல்லை, தட்டச்சு முறையும் இல்லை.

தெருவைக் கடந்து ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, உங்ககிட்ட சொல்லவே இல்லம்மா. பென்டிரைவுல ஓடறப்ப எழுதறதெல்லாம் மெஷின அணைச்சா பூடும். வேற பென்டிரைவுல எடுத்து வெச்சிக்கணும். தப்பு என்னுது." லினக்ஸில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக வேலையை இழந்திருப்பார்கள். அஷ்டமி நவமிக்குப் பயந்து, வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே சமைத்து இழந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

கையெழுத்துப் பிரதியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க போய் உங்க கடையில உக்காருங்க. அவங்க வந்தா ஆள் இல்லாம இருக்கக் கூடாது" என்றார். போய் உட்கார்ந்தேன். போளூர்க்காரர்கள் வந்து, மோர் குடித்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மாலதி செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். பிரித்தேன். பத்திரிகை மாதிரி. எங்கள் தொழிலில் பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் அடித்த கடையின் பெயர் வரும். அங்கே என் கடையின் பெயர் இருந்தது.

போளூர்ப் பெரியவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் சொல்லல? எழுத்துன்னா இந்தக் கடைதான். எதிர்ல ஒருத்தன் கீறான், அவன்கிட்ட இந்தச் சுத்தம் வராது" என்றார். நான் மாலதியைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருப்போம்.

தசமி அன்று காலையில் கடையைத் துடைத்து, மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்து, அவரைக் கூப்பிட்டேன். எடுத்து வைக்க வேண்டிய பழைய கோப்புகளை எல்லாம் தனியாக எடுத்து வைத்தார். பிறகு கம்ப்யூட்டர் கேள்வி கேட்கத் தொடங்கியது. என்ன மொழி, எந்த விசைப்பலகை, எந்த ஊர் நேரம். உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்ட இடத்தில் நான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். கடையின் போர்டிலேயே அவர் பெயர்தான் இருந்தது. ஏழுமலை அண்ணன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இதுல யாரு உக்காரப் போறாங்க?"

"நான்தான்."

"அப்ப உங்க பேரப் போடுங்க. உக்கார்றவங்க பேருதான் அதுக்குத் தெரியணும்."

பழையதை முழுக்க அழித்துவிடலாமா என்று அது கடைசியாகக் கேட்டபோதும் அவர் அழுத்தவில்லை. "உங்க கடை, உங்க கை" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். காமாட்சி அம்மனை நினைத்துக்கொண்டு அழுத்தினேன். ஒரு கோடு மெதுவாக இடமிருந்து வலம் போனது. நாங்கள் டீ குடித்தோம். முடிந்ததும் மறுபடி போட்டால் என் பெயரோடு திரை வந்தது. உள்ளே போனால் காலி. ஒரு சின்னப் பெட்டிகூட இல்லை.

"இன்னாண்ணா, ஒண்ணுமே இல்ல?"

"வேணும்னுதான் அப்படிப் போட்டேன். அடிப்படை மட்டும். காலி வீட்டுலதான் பீரோ எங்க வெக்கறதுன்னு தெரியும். இப்ப சொல்லுங்க, இன்னா வேணும்?"

நான் இத்தனை வருடம் புழங்கிய சாஃப்ட்வேர் பெயர்களை எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "பேரச் சொல்லாதீங்க. வேலையச் சொல்லுங்க."

அதுதான் ஏழுமலை அண்ணன். அவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தவர்கள் எல்லாரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். முதல் நாள் என்னிடம் இருந்த வேலை மாதிரி பார்த்துவிட்டுப் போன போளூர்ப் பத்திரிகையை அடித்து முடிப்பது ஒன்றுதான். அதற்கு வேண்டியதை மட்டும் சேர்த்தார். தமிழ்த் தட்டச்சு, எழுத்துருக்கள், பக்கம் அமைக்க லிப்ரே ஆபீஸ். மற்றதற்கு, "வேலை வரட்டும், சாமான் பின்னாலயே வரும்" என்று எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம்தான். கையோடு எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று முணுமுணுத்தேன்.

வேலை வந்தது. களம்பூர் அரிசி ஆலையிலிருந்து சாக்கில் அச்சடிக்க ஒரு மயில் படம் கேட்டு வந்தார்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறக் கூடாது. இங்கிருந்து குரல் கொடுத்தேன். தெருவைக் கடந்து வந்து இங்க்ஸ்கேப் என்கிற வரையும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். மயிலை நானே வரைந்தேன். அடுத்து ஒரு கண்ணீர் அஞ்சலி, மங்கிப்போன பழைய போட்டோ. அதற்குப் படம் திருத்தும் கிம்ப் வந்தது. இப்படி ஒரு வேலை, ஒரு மென்பொருள். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதே கற்றுக்கொண்டதால் ஒன்றும் மறக்கவில்லை. என் பழைய பிரிண்டருக்கு டிரைவர் சிடி தேடி நான் பரணைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒயரைச் சொருகியதும் அது தானாகவே பேப்பரை இழுத்தது. அவரே எதிர்பார்க்கவில்லை. "பாத்தீங்களா?" என்று என்னவோ அவரே செய்த பிரிண்டர் மாதிரி பெருமைப்பட்டார்.

பிறகு நானே சேர்த்துக்கொள்ளவும் பழக்கினார். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் மென்பொருள் தானாக வந்து இறங்கும். முதல் தடவை கடவுச்சொல் கேட்டது. அடிக்கிறேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. நட்சத்திரம் கூட வரவில்லை. "அண்ணா, கீபோர்டு போச்சி" என்று தெருவில் இறங்கிக் கத்தினேன். அவர் அங்கிருந்தே, பஸ் சத்தத்தை மீறிச் சொன்னார்: "அது வேண்டுதல் மாதிரிம்மா. சாமிக்குக் கேட்டா போதும். அடிச்சிட்டு எண்டர் தட்டுங்க." தட்டினேன். வந்தது.

எல்லாரும் என்னைப் போல அடங்குகிறவர்கள் இல்லை. ஒரு பட்டு வியாபாரி, எல்லாவற்றையும் போடு, ஒன்று விடாதே என்று அடம்பிடித்தார். அண்ணன் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. இருப்பதையெல்லாம் இறக்கிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் வியாபாரி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல பில் போடறது எங்க கீதுன்னே தெரியல ஏழுமலை" என்றார். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றை எடுக்கும்போதும், "இதுல என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். வியாபாரி முழித்தார். நானும் மாலதியும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பில் போடுவதும், பேரன் படம் பார்ப்பதும் மட்டும் மிஞ்சின. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். "நான் கடைய மூடியிருந்தா உங்களுக்கு நல்லதுதானண்ணா? இன்னாத்துக்கு வந்து போட்டுக் குடுத்தீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "நீங்க மூடிட்டா எங்க வீட்டுப் பத்திரிகைய யாரு அடிப்பாங்க? பஸ் ஸ்டாண்டுகிட்ட போயா நிக்கறது?"

நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். அவர் போன பிறகுதான் அது முழுக்க எனக்குப் புரிந்தது. திவ்யாவுக்குத் தை மாதம் கல்யாணம். நிச்சயம் ஆனதிலிருந்து, "பத்திரிகை எப்ப வருது? ஜல்தி எழுதிக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எழுதி முடித்து, கொடுப்பதற்குள் அவர் போய்விட்டார். எழுதிய தாள் என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. நானே அடிக்கலாம் என்று இரண்டு மூன்று தடவை எடுத்தேன். விசைமேல் விரல் வைத்தால் என் கண்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. வேறு கடைக்குக் கொடுக்கவும் கை வரவில்லை. எதிரில் ஷட்டர் இறங்கியே கிடந்தது. கடையைக் கேட்டு ஒரு செல்போன்காரர் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார் என்று டீக்கடையில் சொன்னார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரியம் முடிந்து கவிதா இப்போது குடியிருக்கும் வேலூருக்குத் திரும்பிப் போன பிறகு, ஒருநாள் முற்பகலில் எதிர்க் கடை ஷட்டர் பாதி ஏறியது. மாலதி குனிந்து உள்ளே போவது தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். அவள் வெளியே வரவில்லை. நான் என் கடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அதன் முன் நின்றுகொண்டிருந்தாள். திரையில் 'மாலதி' என்று இருந்தது.

"இதுல ஏன் உன் பேரு?" என்று கேட்டேன்.

"அவருக்குக் கண்ணுல புரை விழுந்து எழுத்தெல்லாம் மங்கலா தெரிஞ்சிகினு இருந்திச்சிக்கா. ஆபரேசன் பண்ணிக்கற வரைக்கும் நீ உக்காந்து அடி, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்னு சொல்லிகினே இருந்தாரு. அதான் பூடறதுக்கு மொத நாளு எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டாரு. நான் வீட்டுல மாவு பிசைஞ்சிகினு இருந்தேன். வந்து உன் பேரப் போடுன்னு கூப்பிட்டாரு. மாவுக் கையோட வந்து பேரும் பாஸ்வேர்டும் போட்டேன். மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்னாரு." நிறுத்திவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லக்கா. செல்போன்காரருக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும். எனக்கு இதுல இன்னா தெரியும்?" என்றாள்.

"டைப்ரைட்டிங் பாஸ் பண்ணவதானே நீ?"

"அது கல்யாணத்துக்கு முன்ன."

"விரலுக்கு அதெல்லாம் தெரியாது. உக்காரு."

நான் அவர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்தாள். கறுப்புத் திரையைத் திறந்து, தட்டச்சு முறைக்கான வரியை அவளையே அடிக்கச் சொன்னேன். கடவுச்சொல் கேட்டது. நாலைந்து எழுத்து அடித்துவிட்டு நிறுத்தினாள். "யக்கா, எழுத்தே வரலியே?"

"அது வேண்டுதல் மாதிரி மாலதி. அடிச்சிட்டு எண்டர் தட்டு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யார் சொன்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்டர் தட்டினாள். வரிகள் மளமளவென்று ஓடின. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏழுமலை என்று அடித்தாள். மெதுவாகத்தான், ஆனால் ஒரு எழுத்தும் தவறாமல் வந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை என்று எண்ணினால், முதல் நாள் சொருகிக் கொடுத்த அந்தப் பென்டிரைவ் என் கடைச் சாவியோடு தொங்குகிறது. என் திரையில் என் பெயர் இருக்கிறது. இப்போது ஊரில் யாருக்காவது லினக்ஸ் போட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன், காலியாகவே போட்டுக் கொடுக்கிறேன், திட்டு வாங்குகிறேன். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிதாக அவர் எனக்கு வைத்துவிட்டுப் போனது தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அன்று மாலதியிடம் கேட்டேன்: "அடுத்தது இன்னா சேர்க்கணும்? பேரச் சொல்லாத. வேலையச் சொல்லு."

அவள் மேஜையை முந்தானையால் துடைத்தாள். ஓரமாகக் கிடந்த வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாள்.

"உங்க திவ்யா பத்திரிகை இன்னும் அடிக்கலதானே? போய் எடுத்துகினு வாங்க."

ஓடிப்போய் இழுப்பறையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நான் தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. விரல்களை விசைமேல் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"முதல்ல மாப்பிள்ளை பேரச் சொல்லுங்கக்கா."